பார் தேர்வை மறுபடியும் எழுதுவது எப்படி?

இந்த அத்தியாயம் யாருக்கு?

வங்கி, வருவாய்த் துறை, காவல் துறை, பள்ளிக்கூடம், தனியார் கம்பெனி என்று எங்கோ பல வருடம் வேலை பார்த்துவிட்டு மூன்றாண்டு எல்.எல்.பி. முடித்தவர் நீங்கள். மாநில பார் கவுன்சிலில் பதிவும் செய்துவிட்டீர்கள். ஆனால் அகில இந்திய பார் தேர்வில் முதல் முறை தேறவில்லை. அடுத்த முறைக்கு என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது என்பதைச் சொல்வதுதான் இந்த அத்தியாயம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். எல்லாப் பாடத்தையும் முதல் பக்கத்திலிருந்து திரும்பப் படிக்கத் தேவையில்லை. இதில் முதல் வகுப்பும் இல்லை, தரவரிசையும் இல்லை. தேர்ச்சி மதிப்பெண்ணைத் தாண்டினால் போதும். சட்டப் புத்தகமும் கையில் இருக்கும். ஆகவே இரண்டாம் முறை எழுதுபவருக்கு வேலை இரண்டுதான். சென்ற முறை மதிப்பெண் எங்கே போனது என்று கண்டுபிடிக்க வேண்டும். வேண்டிய பிரிவைப் புத்தகத்தில் சட்டென்று எடுக்கக் கையைப் பழக்க வேண்டும்.

தேர்வைப் பற்றித் தெரிய வேண்டியது

- நடத்துவது இந்திய பார் கவுன்சில். 2011-இல் தொடங்கியது. இப்படி ஒரு தேர்வு வைக்க கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. "எடுத்துவிடுவார்கள்" என்று காத்திருப்பதில் பயனில்லை.
- 100 கேள்விகள், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறை, ஓஎம்ஆர் தாள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது.
- தேர்ச்சிக்குப் பொதுப் பிரிவினருக்கும் பிற்படுத்தப்பட்ட பிரிவினருக்கும் 45 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 சதவீதம். முன்பு 40, 35 என்று இருந்தது. பழைய வழிகாட்டிகளில் அந்த எண்ணே இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.
- குறிப்புரை இல்லாத பேர் ஆக்ட் மட்டும் தேர்வறைக்குள் கொண்டுபோகலாம். கைடு, விளக்க உரை, கையெழுத்துக் குறிப்பு எதற்கும் அனுமதி இல்லை.
- எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும்.

படி 1: முதலில் உங்கள் நிலையைச் சரிபாருங்கள்

புத்தகத்தைத் திறப்பதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

1. இரண்டு ஆண்டுக் கணக்கு. பார் கவுன்சிலில் பதிவான நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தேர்வில் தேற வேண்டும். அதுவரை வழக்கறிஞராகச் செயல்படலாம். அதற்குப் பிறகு, தேறும்வரை நீதிமன்றத்தில் ஆஜராகவோ வக்காலத்தில் கையெழுத்திடவோ கூடாது. பதிவுச் சான்றிதழில் உள்ள தேதியைப் பார்த்து, இரண்டு ஆண்டு முடியும் நாளைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள்.

2. அடுத்த தேர்வு எப்போது? 18-வது தேர்வு 2023 டிசம்பர் 10 அன்றும், 19-வது 2024 டிசம்பர் 22 அன்றும், 20-வது 2025 நவம்பர் 30 அன்றும் நடந்தன. மூன்றுக்கும் இடையே ஏறக்குறைய ஓராண்டு. விண்ணப்பத் தேதியைத் தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடலாம் என்று பொருள். வாரம் ஒரு நாள், உதாரணமாக ஞாயிறு காலை, பார் கவுன்சிலின் அதிகாரப்பூர்வ இணையதளத்தைப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

3. சம்பள வேலை. தொழில் மாறி வந்தவர்கள் சறுக்கும் இடம் இது. இந்திய பார் கவுன்சில் விதிகளில் 49-வது விதிப்படி முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்யக் கூடாது. தேர்வில் தவறியதும் வீட்டுச் செலவுக்காகப் பழைய கம்பெனிக்கே திரும்புகிறவர்கள் உண்டு. அது தவறல்ல. ஆனால் வேலையில் சேர்ந்ததும் உங்கள் மாநில பார் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும். வேலையில் இருக்கும் காலம் முழுவதும் தொழிலை நிறுத்தி வைக்க வேண்டும். சொல்லாமல் இரண்டையும் செய்வது ஒழுங்கு நடவடிக்கையில் போய் முடியும்.

குறிப்பு: வருமானத்துக்கு வேறு வழி உண்டா என்று கேட்பவர்கள் 51-வது விதியைப் படியுங்கள். சட்டத் தேர்வுகளுக்கு மாணவர்களைத் தயார்செய்வது, வினாத்தாள் தயாரிப்பது, சட்டப் புத்தகம் தொகுப்பது, முழுநேர வேலையாக இல்லாமல் பாடம் நடத்துவது, பத்திரிகைக்கு எழுதுவது ஆகியவற்றுக்கு அதில் இடம் இருக்கிறது.

படி 2: சென்ற முறை எங்கே தவறியது?

நீங்கள் எழுதிய தொகுதியின் கேள்வித்தாளையும் இறுதி விடைக்குறிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் 1 முதல் 100 வரை எண் போட்டு, தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே கீழே உள்ள நான்கில் ஒரு எழுத்தைப் போடுங்கள்.

- தெ: விடை தெரியவே தெரியாது.
- தே: புத்தகத்தில் இருந்தது; நேரத்துக்குள் தேடி எடுக்க முடியவில்லை.
- ப: பழைய சட்டத்தின் எண்ணையோ பழைய வேலையின் வழக்கத்தையோ வைத்து எழுதிவிட்டேன்.
- க: கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, அல்லது ஓஎம்ஆர் தாளில் வட்டம் மாறிவிட்டது.

எண்ணிப் பாருங்கள். எந்த எழுத்து அதிகமோ, அதுவே உங்கள் படிப்புத் திட்டத்தைத் தீர்மானிக்கும்.

- "தெ" அதிகம் என்றால் படி 3-இல் கூடுதல் நேரம்.
- "தே" அதிகம் என்றால் படி 6-தான் உங்களுக்கு மருந்து. மறுபடியும் கைடு வாங்குவது வீண்.
- "ப" அதிகம் என்றால் படி 4, 5.
- "க" அதிகம் என்றால் படி 8-இல் உள்ள மாதிரித் தேர்வுப் பயிற்சி.

கேள்வித்தாள் கையில் இல்லையென்றால், முந்தைய ஆண்டின் தாள் ஒன்றை எடுத்து, வீட்டில் நேரம் வைத்து எழுதி, அதை இப்படிப் பிரித்துப் பாருங்கள்.

படி 3: மதிப்பெண் கணக்குப் போடுங்கள்

பாடத்திட்டத்தில் பத்தொன்பது தலைப்புகள் இருக்கின்றன. பார்த்ததும் மலைப்பு வரும். ஆனால் மதிப்பெண் எல்லாவற்றுக்கும் சமமாகப் பிரியவில்லை.

முதல் வட்டம்: 7 பாடம், 62 மதிப்பெண்

- அரசியல் சாசனம்: 10
- குற்றவியல் நடைமுறை (பிஎன்எஸ்எஸ்): 10
- உரிமையியல் நடைமுறை (சிபிசி): 10
- தண்டனைச் சட்டம் (பிஎன்எஸ்): 8
- சாட்சியச் சட்டம் (பிஎஸ்ஏ): 8
- குடும்பச் சட்டம்: 8
- ஒப்பந்தம், குறித்தவகைத் தீர்வழி, சொத்துரிமை மாற்றம், மாற்றுமுறை ஆவணச் சட்டங்கள் சேர்ந்து: 8

இரண்டாம் வட்டம்: 7 பாடம், 28 மதிப்பெண்

- தீங்கியல், மோட்டார் வாகனம், நுகர்வோர் பாதுகாப்பு: 5
- நடுவர் மன்றம், சமரசம், லோக் அதாலத்: 4
- தொழில் ஒழுக்கம்: 4
- பொதுநல வழக்கு: 4
- தொழிலாளர் சட்டம்: 4
- வரிச் சட்டம்: 4
- நிர்வாகச் சட்டம்: 3

மூன்றாம் வட்டம்: 5 பாடம், 10 மதிப்பெண்

கம்பெனிச் சட்டம், சுற்றுச்சூழல், சைபர், நில எடுப்பு, அறிவுசார் சொத்துரிமை. ஒவ்வொன்றுக்கும் 2.

முதல் வட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு எடுத்தாலே 41 வந்துவிடும். தொழில் ஒழுக்கத்தின் 4 மதிப்பெண்ணும் சேர்ந்தால் 45. ஆனாலும் இலக்கை 60 என்று வையுங்கள். தேர்வறைப் பதற்றத்தில் பத்துப் பன்னிரண்டு போனாலும் கரை சேர்ந்துவிடலாம்.

குறிப்பு: தொழில் ஒழுக்கத்துக்கு ஒரு வாரம் போதும். வழக்கறிஞர்கள் சட்டம், 1961-இல் 24 (பதிவுத் தகுதி), 35 (மாநிலக் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கை), 36 (இந்திய பார் கவுன்சிலின் ஒழுங்கு அதிகாரம்), 37 (இந்திய பார் கவுன்சிலுக்கு மேல்முறையீடு, 60 நாள்), 38 (உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு, 60 நாள்), 49 (விதி வகுக்கும் அதிகாரம்) ஆகிய பிரிவுகளைப் படியுங்கள். நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், 1971-இல் அதிகபட்சத் தண்டனை ஆறு மாத வெறுங்காவல் அல்லது 2,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும், காலவரம்பு ஓராண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குறிப்பு: பொதுநல வழக்கில் பேர் ஆக்ட் உதவாது. வழக்கின் பெயரும் அது எதைப் பற்றியது என்பதும் மனதில் இருக்க வேண்டும். ஹுசைனாரா காத்தூன் (விசாரணைக் கைதிகள்), எஸ்.பி. குப்தா (யார் வழக்குப் போடலாம்), பந்துவா முக்தி மோர்ச்சா (கொத்தடிமை), எம்.சி. மேத்தா (சுற்றுச்சூழல்), விசாகா (பணியிடப் பாலியல் தொல்லை) ஆகியவற்றில் தொடங்குங்கள்.

படி 4: பழைய வேலையின் லாபமும் நஷ்டமும்

கல்லூரியிலிருந்து நேராக வந்த இளைஞரிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது: அனுபவம். அதை மதிப்பெண்ணாக மாற்றலாம். ஆனால் அனுபவம் சொல்லும் விடையும் சட்ட வாசகம் சொல்லும் விடையும் சில இடங்களில் வேறுபடும். தேர்வில் வாசகமே ஜெயிக்கும்.

- வங்கியிலிருந்து வந்தவர்: காசோலை திரும்புவது உங்களுக்குத் தினசரி விஷயம். ஆனால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138, 142 பிரிவுகளின் நாள் கணக்கு வரிசையாகச் சொல்ல வருகிறதா? காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அறிவிப்பு. அறிவிப்பு கிடைத்த 15 நாளுக்குள் பணம். அது தவறினால், வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார்.
- வருவாய்த் துறையிலிருந்து வந்தவர்: நில எடுப்பில் உங்கள் நினைவு 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிற்கலாம். கேள்வி 2013-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும். தனியார் கம்பெனிக்காக நிலம் எடுக்க, பாதிக்கப்படும் குடும்பங்களில் குறைந்தது 80 சதவீதத்தின் சம்மதம். அரசும் தனியாரும் சேர்ந்த திட்டத்துக்கு 70 சதவீதம்.
- காவல் துறையிலிருந்து வந்தவர்: நாக்கு நுனியில் இருப்பதெல்லாம் பழைய எண்கள். அடுத்த படியை இரண்டு முறை படியுங்கள்.
- மனிதவளப் பிரிவிலிருந்து வந்தவர்: 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. உங்கள் தேர்வு அறிவிக்கை பழைய சட்டங்களைச் சொல்கிறதா, புதிய தொகுப்புகளைச் சொல்கிறதா என்று பார்த்துவிட்டுப் படியுங்கள்.
- கணக்கு, வரித் துறையிலிருந்து வந்தவர்: வரியும் கம்பெனிச் சட்டமும் சேர்ந்து 6 மதிப்பெண் உங்களுக்குக் கைவந்தது. ஆனால் வருமான வரிக்கு 2025-ஆம் ஆண்டுப் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வருகிறது. பிரிவு எண்கள் மாறுகின்றன.

எச்சரிக்கை: தெரிந்த பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பது சுகமாக இருக்கும். வங்கிக்காரர் காசோலையிலேயே ஒரு வாரத்தைக் கழித்துவிடுவார். உங்கள் பழைய துறைக்கான பாடத்துக்கு மூன்று நாளுக்கு மேல் கொடுக்காதீர்கள்.

படி 5: பழைய எண், புதிய எண்

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும் (பிஎன்எஸ், 358 பிரிவுகள்), குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் (பிஎன்எஸ்எஸ், 531 பிரிவுகள்), சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியமும் (பிஎஸ்ஏ, 170 பிரிவுகள்) வந்தன. மூன்றும் சேர்ந்து தேர்வில் 26 மதிப்பெண். அதற்கு முன் கல்லூரியில் படித்தவரின் நோட்டு முழுக்கப் பழைய எண்களே இருக்கும்.

முதலில் இந்த இணைகளைப் பழகுங்கள். இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது.

- கொலைக்குத் தண்டனை: 302 → பிஎன்எஸ் 103
- கொலை முயற்சி: 307 → 109
- அலட்சியத்தால் மரணம்: 304ஏ → 106
- வரதட்சிணை மரணம்: 304பி → 80
- கணவர், உறவினர் கொடுமை: 498ஏ → 85
- ஏமாற்றிச் சொத்தைக் கைப்பற்றுதல்: 420 → 318(4)
- அவதூறு: 499, 500 → 356
- முதல் தகவல் அறிக்கை: 154 → பிஎன்எஸ்எஸ் 173
- மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம்: 164 → 183
- ரிமாண்ட்: 167 → 187
- ஜீவனாம்சம்: 125 → 144
- முன்ஜாமீன்: 438 → 482
- உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம்: 482 → 528
- மரண வாக்குமூலம்: 32(1) → பிஎஸ்ஏ 26
- மின்னணு ஆவணம்: 65பி → 63
- நிரூபிக்கும் பொறுப்பு: 101 → 104

இதில் பழைய எண்ணை மறப்பதை விடவும் கடினமான ஒன்று இருக்கிறது. சில எண்கள் புதிய சட்டத்திலும் இருக்கின்றன. அர்த்தம் மட்டும் மாறிவிட்டது. நான்கு விடைகளில் பழக்கமான எண் ஒன்று கண்ணில் பட்டதும் கை அங்கே போய்விடும். கீழ்க்கண்டவற்றைத் தனியாக ஒரு அட்டையில் எழுதுங்கள்.

- 34: பழைய தண்டனைச் சட்டத்தில் பொது உட்கருத்து. பிஎன்எஸ்ஸில் தற்காப்பு உரிமை இங்கே தொடங்குகிறது. பொது உட்கருத்து 3(5)-க்குப் போய்விட்டது.
- 302: பழையதில் கொலைக்குத் தண்டனை. பிஎன்எஸ்ஸில் மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது.
- 144: பழையதில் தடை உத்தரவு. பிஎன்எஸ்எஸ்ஸில் ஜீவனாம்சம். தடை உத்தரவு இப்போது 163.
- 173: பழையதில் போலீஸின் இறுதி அறிக்கை. பிஎன்எஸ்எஸ்ஸில் முதல் தகவல் அறிக்கை. இறுதி அறிக்கை இப்போது 193.
- 482: பழையதில் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். பிஎன்எஸ்எஸ்ஸில் முன்ஜாமீன்.
- 26: பழைய சாட்சியச் சட்டத்தில் போலீஸ் காவலில் தரும் ஒப்புதல் வாக்குமூலம். பிஎஸ்ஏவில் மரண வாக்குமூலம்.

குறிப்பு: கேள்வியில் சம்பவத் தேதி கொடுத்திருந்தால் அதன் கீழே கோடு போடுங்கள். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும்.

படி 6: பேர் ஆக்டில் தேடும் பயிற்சி

புத்தகம் கையில் இருப்பதால் தேர்வு எளிது என்று நினைத்து வருகிறவர்கள் பலர். மூன்று மணி நேரத்தில் 100 கேள்வி என்றால் ஒன்றுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. அறையில் உட்கார்ந்து முதல் முறையாகப் புரட்டினால் இருபது கேள்விக்கு மேல் தேட முடியாது.

1. இரண்டு பிரதி வாங்குங்கள். முதல் வட்டச் சட்டங்களுக்கு வீட்டுப் பிரதி ஒன்று, தேர்வுப் பிரதி ஒன்று. வீட்டுப் பிரதியில் என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். தேர்வுப் பிரதியில் ஓர் எழுத்துகூட எழுதாதீர்கள்.
2. பதிப்பைப் பாருங்கள். "குறிப்புகளுடன்", "விளக்கத்துடன்" என்று அட்டையில் போட்ட புத்தகத்தை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஒப்பீட்டு அட்டவணை, தீர்ப்புச் சுருக்கம் உள்ள பதிப்பும் ஆபத்து.
3. அத்தியாய வரிசையை மனப்பாடம் செய்யுங்கள், பிரிவுகளை அல்ல. சிபிசியில் 158 பிரிவுகளும் 51 ஆர்டர்களும் உண்டு. ஆர்டர் 6 வழக்குரை, 7 பிராது, 8 எதிர்வழக்குரை, 9 ஆஜராகாமை, 21 நிறைவேற்றுதல், 37 சுருக்க வழக்கு, 39 தற்காலிகத் தடை, 41 மேல்முறையீடு. இந்த எட்டும் தெரிந்தால் மற்றவை பக்கத்திலேயே கிடைக்கும்.
4. தினம் பத்துத் தேடல். பத்து கேள்வி எடுங்கள். விடை தெரிந்தாலும் சொல்லாமல், பிரிவைப் புத்தகத்தில் எடுத்து விரலை வையுங்கள். கைபேசியில் நேரம் பாருங்கள். முதல் வாரம் ஒன்றுக்கு மூன்று நிமிடம் ஆனால் பரவாயில்லை. ஆறாம் வாரத்தில் 60 முதல் 75 நொடிக்குள் வர வேண்டும்.
5. பையை எடை போடுங்கள். இருபது புத்தகம் சுமந்து போனால் எதை எங்கே வைத்தோம் என்று தேடவே நேரம் போகும். முதல் வட்டச் சட்டங்கள், வழக்கறிஞர்கள் சட்டம், நடுவர் மன்றச் சட்டம், நுகர்வோர் சட்டம், மோட்டார் வாகனச் சட்டம் போதும். அட்டையில் சட்டத்தின் பெயர் பெரிதாகத் தெரியும்படி அடுக்குங்கள்.

குறிப்பு: கேள்வித்தாளைத் தமிழில் கேட்டு விண்ணப்பித்துவிட்டு ஆங்கிலப் பேர் ஆக்டைக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு சிக்கல் வரும். கேள்வியில் "முன் தீர்ப்புத் தடை" என்று இருக்கும். கண் புத்தகத்தில் "ரெஸ் ஜூடிகேட்டா"வைத் தேட வேண்டும். கேள்வித்தாளின் மொழியும் புத்தகத்தின் மொழியும் ஒன்றாக இருப்பதே நல்லது. முடியாவிட்டால் நூறு கலைச்சொற்களையாவது இரண்டு மொழியிலும் பழகுங்கள்.

படி 7: பன்னிரண்டு வாரத் திட்டம்

பகலில் கோர்ட், மாலையில் சீனியர் அலுவலகம், இரவில் வீடு. இதற்கு நடுவே நாளுக்கு 75 நிமிடமும் ஞாயிறன்று மூன்று மணி நேரமும் கிடைத்தால் இந்தத் திட்டம் நடக்கும்.

- வாரம் 1: படி 2-இன் கணக்கு. புத்தகம் வாங்குதல். படிப்பு வேண்டாம்.
- வாரம் 2, 3: பிஎன்எஸ், பிஎன்எஸ்எஸ். எண் அட்டைகள்.
- வாரம் 4: பிஎஸ்ஏ. ஞாயிறன்று மூன்றுக்கும் சேர்த்து 26 கேள்வி.
- வாரம் 5, 6: சிபிசி. உங்களில் பலருக்கு இதுவே புதிய நிலம். அவசரப்படாதீர்கள்.
- வாரம் 7: அரசியல் சாசனம்.
- வாரம் 8: குடும்பச் சட்டமும் ஒப்பந்தம், சொத்துரிமைத் தொகுதியும்.
- வாரம் 9: தொழில் ஒழுக்கம், நடுவர் மன்றம், பொதுநல வழக்கு.
- வாரம் 10: இரண்டாம் வட்டத்தின் மீதி. மூன்றாம் வட்டத்தில் உங்கள் பழைய தொழிலோடு ஒட்டிய ஒன்றோ இரண்டோ.
- வாரம் 11, 12: மாதிரித் தேர்வுகள் மட்டும். வாரத்துக்கு இரண்டு.

குறிப்பு: கோர்ட்டில் வழக்கு கூப்பிடும்வரை காத்திருக்கும் நேரத்தை எண் அட்டைகளுக்கு வையுங்கள். அன்று சீனியர் நடத்தும் வழக்கின் பிரிவை அன்றிரவே பேர் ஆக்டில் ஒரு முறை படியுங்கள். உதாரணமாக ஆர்டர் 39 மனு ஒன்றின் விசாரணையைக் கேட்டுவிட்டுப் படித்தால், அந்த விதி மறக்காது.

படி 8: மாதிரித் தேர்வும் தேர்வு நாளும்

தேர்வு நேரம் சில ஆண்டு மூன்று மணியாகவும் சில ஆண்டு மூன்றரை மணியாகவும் இருந்திருக்கிறது. ஹால் டிக்கெட்டில் உள்ளதைப் பாருங்கள். பயிற்சியை மூன்று மணி நேரக் கணக்கிலேயே செய்யுங்கள். நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்.

1. முதல் சுற்று, 70 நிமிடம். 1 முதல் 100 வரை ஓடுங்கள். தெரிந்ததற்கு விடை. பிரிவு பார்க்க வேண்டியதற்குக் கேள்வித்தாளில் புள்ளி. ஒன்றும் புரியாததற்குச் சுழி. புத்தகத்தைத் தொடாதீர்கள்.
2. இரண்டாம் சுற்று, 75 நிமிடம். புள்ளி வைத்த கேள்விகளை மட்டும் சட்டவாரியாகத் தேடுங்கள். சிபிசிப் புத்தகத்தை எடுத்தால் சிபிசிக் கேள்வி எல்லாவற்றையும் முடித்துவிட்டு மூடுங்கள்.
3. மூன்றாம் சுற்று, 25 நிமிடம். சுழி போட்டவை. பொருந்தாத விடைகளைத் தள்ளிவிட்டு மீதியில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மதிப்பெண் குறைப்பு இல்லாததால் ஒரு வட்டமும் காலியாக இருக்கக் கூடாது.
4. கடைசி 10 நிமிடம். ஓஎம்ஆர் தாளில் பதிவு எண், கேள்வித்தாள் தொகுதிக் குறியீடு, கையெழுத்து. குறியீடு தவறினால் உங்கள் விடைகளை வேறு தொகுதியின் விடைக்குறிப்போடு ஒப்பிடுவார்கள். படித்தது எல்லாம் வீண்.

மாதிரித் தேர்வில் அச்செடுத்த ஓஎம்ஆர் தாளையே பயன்படுத்துங்கள். கைபேசிச் செயலியில் விரலால் தொட்டுப் பழகிய கைக்குப் பேனாவால் வட்டம் நிரப்ப எவ்வளவு நேரமாகும் என்பது அப்போதுதான் தெரியும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கண்ணாடியை முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள். பேர் ஆக்டின் எழுத்து சிறியது.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- புதுக் கைடு வாங்குவது. சென்ற முறை ஒன்றை முழுதாகப் படித்திருந்தால் இன்னொன்று தேவையில்லை. தேவை புதிய பேர் ஆக்டும் பழைய கேள்வித்தாள்களும்.
- பலவீனமான பாடத்தை வைத்தே நேரம் கழிப்பது. 2 மதிப்பெண் அறிவுசார் சொத்துரிமைக்குப் பத்து நாள் கொடுத்துவிட்டு 10 மதிப்பெண் சிபிசிக்கு ஐந்து நாள் கொடுப்பது கணக்குக்கு ஒத்துவராது.
- 45-ஐயே இலக்காக வைப்பது. ஆட்சேபணைக்குப் பிறகு சில கேள்விகளை நீக்குவது உண்டு. 7 கேள்வி நீங்கினால் 93-இல் 45 சதவீதம், அதாவது 42 வேண்டும். நீங்கிய ஏழும் நீங்கள் சரியாக எழுதியவையாக இருந்தால் கணக்கு உதைக்கும்.
- விண்ணப்பத்தைக் கடைசி நாளுக்கு வைப்பது. பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் இனிஷியலில் வேறுபட்டால் திருத்த நேரம் வேண்டும்.
- இளையவர்களிடம் கேட்கக் கூச்சப்படுவது. இருபத்தைந்து வயது ஜூனியர் தம்பிக்கு உங்களுக்குத் தெரியாத எண் தெரிந்திருக்கும். காசோலை வழக்கில் உங்களுக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது. வாரம் ஒரு நாள் சேர்ந்து உட்காருங்கள்.

எச்சரிக்கைகள்

1. "பணம் கட்டினால் தேர்ச்சி", "கேள்வித்தாள் முன்கூட்டியே" என்று வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்லாதீர்கள். பணம் போவது ஒருபுறம். அகப்பட்டால் பதிவே போகும்.
2. கட்டணத்தை அதிகாரப்பூர்வ இணையதளத்தில் மட்டும் கட்டுங்கள். ரசீதை அச்செடுத்து வையுங்கள். பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தால், கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும். வெளியே வரும்போது கணக்கிலிருந்து வெளியேறுங்கள்.
3. இரண்டு ஆண்டு முடிந்துவிட்டால், "சீனியர் சொன்னார்" என்று ஆஜராகாதீர்கள். மனு எழுதுவது, தீர்ப்பு தேடுவது போன்ற உதவிகளோடு நின்றுகொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் மாநில பார் கவுன்சிலில் எழுத்தில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.
4. பழைய வேலைக்கான ராஜினாமாக் கடிதம், விடுவிப்பு ஆணை, விருப்ப ஓய்வு ஆணை ஆகியவற்றின் நகல்கள் ஒரே கோப்பில் இருக்கட்டும். எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்.
5. தேர்வு மையம் வேறு ஊர் என்றால் முதல் நாளே போய்ச் சேருங்கள். கைபேசியை எங்கே வைப்பது என்று முன்பே தீர்மானியுங்கள்.

தேர்வுக்குப் பிறகு

அன்று மாலையே, நினைவில் உள்ளவரை உங்கள் விடைகளை எழுதி வையுங்கள். தற்காலிக விடைக்குறிப்பு வந்ததும் ஒப்பிடுங்கள். ஒரு விடை தவறு என்று பட்டால், பேர் ஆக்டின் பிரிவைக் காட்டி ஆட்சேபணை அனுப்புங்கள். அதற்குக் கட்டணமும் கடைசித் தேதியும் உண்டு. "எனக்கு இப்படித் தோன்றுகிறது" என்று எழுதுவதில் பயனில்லை. பிரிவும் உட்பிரிவும் வேண்டும்.

தேறிவிட்டால், தொழில் செய்வதற்கான சான்றிதழ் வரும். அது வரும்வரை தேர்ச்சி முடிவை அச்செடுத்துப் பதிவுச் சான்றிதழோடு வைத்திருங்கள். சான்றிதழ் வந்ததும் பெயர், தந்தை பெயர், பதிவு எண், பதிவு ஆண்டு நான்கையும் பதிவுச் சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் அன்றே எழுதுங்கள். முதல் வக்காலத்தைத் தாக்கல் செய்யும்போது எண் மாறியிருந்தால் அலைச்சல் உங்களுக்கும் கட்சிக்காரருக்கும்தான்.